பார்த்துக்கொள்வது யார் என்று கேட்டார்கள்

கணக்கெடுப்புப் பெண் முதல் தடவை நம் வீட்டுக்கு வந்த அன்று நீங்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் இருந்தீர்கள். அதனால் நான் சொன்ன பொய் உங்கள் காதில் விழவில்லை. அப்புறம் தெருவில் ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். நடந்ததை நடந்தபடி நானே எழுதி வைப்பது நல்லது என்று பட்டது. எழுதுகிறவன் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் பெரியவள் திருத்திக்கொள்ள வேண்டியது.

நான் விழுந்தது சின்னவளுக்கு ஞாபகம் இருக்காது. அப்போது அவளுக்கு மூன்று வயது. எல்லோரும் நான் கடலில் விழுந்ததாக நினைக்கிறார்கள். இல்லை, கரையில்தான். மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகைக் கரையேற்றி, படகின் முன்பக்கமான அணியத்துக்குச் சாரம் கட்டி, அதில் நின்று பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தேன். கட்டை நழுவியது. கீழே கிடந்த நங்கூரத்தின் மேல் முதுகு அடிக்க விழுந்தேன். மதுரையில் ஆபரேஷன் செய்தார்கள். உயிர் தங்கியது, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி தங்கவில்லை.

அப்போது உங்கள் அம்மா நண்டுக் கம்பெனியில் வேலை பார்த்தாள். வேக வைத்த நண்டை உடைத்துச் சதையைத் தனியாக எடுக்கிற வேலை. அந்த ஷெட்டில் அவள் கை வேகத்துக்கு இன்னொருத்தி கிடையாது என்று சூப்பர்வைசரே சொல்லுவார். என்னை வீட்டுக்குக் கொண்டுவந்த மறுநாளிலிருந்து அவள் வேலைக்குப் போகவில்லை. என்னைத் தூக்கி நாற்காலியில் வைக்க வேண்டும், இறக்கிப் படுக்கையில் போட வேண்டும். ஒரே பக்கமாகக் கிடந்தால் புண் வந்துவிடும், புரட்டிப் போட வேண்டும். மூத்திரப் பையை மாற்ற வேண்டும். குளிப்பாட்ட வேண்டும். இதையெல்லாம் இப்போது வரிசையாக எழுதுகிறேன். அன்று அந்தப் பெண் கேட்டபோது ஒன்றைக்கூட என் வாய் சொல்லவில்லை.

வந்தவள் சின்னப் பெண். கழுத்தில் அட்டை, கையில் டேப்லெட். நம் ஊர் நர்சம்மாதான் கூட்டி வந்தார். வீட்டிலேயே இருக்கிற மாற்றுத்திறனாளிகளின் உடல்நலம் எப்படி இருக்கிறது, வருடக்கணக்காக அவர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை எப்படி நடக்கிறது என்று அரசாங்கம் ஆய்வு செய்கிறதாம். அந்தப் பெண் ஒரு தாளை எடுத்து நிறுத்தி நிதானமாக வாசித்தாள். பெயர் வெளியே வராது, பிடிக்காத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை, இதைச் சொல்வதால் உடனே எந்தச் சலுகையும் கிடைக்காது. வாசலில் நின்ற உங்கள் மாமா குனிந்து என் காதில் சொன்னான்.

"அப்படித்தான் வாசிப்பாக. நீங்க ஸ்கூட்டரை நெனச்சுக்கிட்டே பதில் சொல்லுங்க மச்சான்."

ஸ்கூட்டர் கதை இதுதான். நாலு நாளாகவே டீக்கடையில் ஒரு பேச்சு. இது பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர் கொடுப்பதற்கான கணக்கெடுப்பு, தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்கிறவனுக்குத்தான் கொடுப்பார்கள், படுத்துக் கிடக்கிறவனுக்குக் கொடுத்து என்ன பண்ண என்று. யார் முதலில் சொன்னது என்று இன்று வரை தெரியவில்லை. காரங்காட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிற நம் தெரு முழுக்க அதை நம்பியது. நானும் நம்பினேன்.

"நீங்களா குளிப்பீங்களாண்ணா?"

"குளிப்பேன்."

"படுக்கையிலிருந்து நாற்காலிக்கு?"

கட்டிலுக்கு மேலே விட்டத்தில் உங்கள் மாமா கட்டிவிட்டிருந்த வலைக்கயிற்றைக் காட்டினேன். "அதைப் பிடிச்சு எந்திரிச்சு அப்படியே மாறிக்கிருவேன்."

"டாய்லெட்?"

"எல்லாம் நானேதான்."

ஒவ்வொன்றுக்கும் அவள் விரலால் ஒரு தட்டுத் தட்டினாள். கடைசியாக, "அன்றாட வேலைகள்ல உங்களைப் பாத்துக்கிறது யாரு?" என்று கேட்டாள்.

"யாரும் இல்ல."

அந்த நேரத்தில் உங்கள் அம்மா டீ எடுத்துக்கொண்டு அடுப்படியிலிருந்து வந்தாள். அவள் காதில் விழுந்தது. டம்ளரை அந்தப் பெண்ணிடம் கொடுத்தாள், நர்சம்மாவிடம் கொடுத்தாள், உள்ளே போய்விட்டாள். அந்நிய ஆள் முன்னால் வீட்டுக்காரன் சொன்னதை மறுத்துப் பேசக்கூடாது என்று வளர்ந்தவள். டேப்லெட் பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள், "அப்ப அடுத்த பகுதி உங்களுக்குக் கிடையாதுண்ணா. சீக்கிரமே முடிஞ்சிருச்சு."

ஸ்கூட்டர் ஆசை மட்டும்தான் என்னை அப்படிச் சொல்ல வைத்தது என்றால் அதுவும் பொய். படகில் ஒரு பழக்கம் உண்டு. அலை அடிக்கிறது, கை கிழிந்திருக்கிறது, காய்ச்சல், எதுவானாலும் டிரைவர் "என்னலே, முடியுமா?" என்று கேட்டால் முடியும் என்றுதான் சொல்ல வேண்டும். முடியலை என்று ஒரு தடவை சொன்னவன் வீட்டுக் கதவை மறுநாள் விடியலில் யாரும் தட்ட மாட்டார்கள். பதினெட்டு வயதிலிருந்து அப்படியே சொல்லிச் சொல்லி, முடியலை என்ற சொல் என் வாயில் பழகவே இல்லை. நம் தெருவில் அன்று பதில் சொன்ன ஆம்பிளைகள் அத்தனை பேரும் படகுக்காரர்கள்தான்.

மறுநாள் காலையில், நீங்கள் கிளம்பிப் போன பிறகு, உங்கள் அம்மா ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் துண்டும் கொண்டுவந்து கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாள். எதிரே சுவரோரமாக உட்கார்ந்துகொண்டாள்.

"என்ன?"

"நானேன்னு சொன்னீகள்ல. குளிங்க."

"ஏய், வெளையாடாத."

"வெளையாடல. ஸ்கூட்டர்ல போறவுக ஒரு வாளித் தண்ணியை ஊத்திக்கிற மாட்டீகளா?"

எனக்கும் வீம்பு. கயிற்றைப் பிடித்தேன். உட்கார முடிந்தது. நாற்காலியைப் பக்கத்தில் இழுக்கக் கையை விட்டால் உடம்பு சாய்கிறது. கையை விடாவிட்டால் நாற்காலி வரவில்லை. மூன்று தடவை பார்த்தேன். நாலாவது தடவை அப்படியே பக்கவாட்டில் சரிந்து, முகம் தலையணையில் போய்ப் புதைந்துவிட்டது. எனக்கே சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை. எழுந்து வந்து என் அக்குளுக்குள் கையைக் கொடுத்துத் தூக்கினாள். தூக்கும்போது "ஸ்ஸ்" என்றாள். வலது மணிக்கட்டில் சேலைக் கிழிசலைச் சுற்றியிருந்தாள். அதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"எப்ப இருந்து?"

"போன தடைக்காலத்துல இருந்து."

ஒரு வருடம். தினமும் என்னைப் பிடிக்கிற கை அது. அப்படியும் நான் பார்க்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து நர்சம்மா வந்தார். முகம் சரியில்லை. ஆய்வின் அடுத்த கட்டத்துக்கு வீடுகளைத் தேர்ந்தெடுத்துவிட்டார்களாம். ஒரு வருடத்துக்கு, பயிற்சி எடுத்த ஒரு பெண் வாரத்தில் மூன்று நாள் வீட்டுக்கு வந்து குளிப்பாட்டுவது, புண் பார்ப்பது, கைகால் மடக்கி நீட்டிவிடுவது எல்லாம் செய்வாளாம். அதனால் நோயாளிக்கும் வீட்டாருக்கும் என்ன மாறுகிறது என்று பார்க்கத்தான் ஆய்வு. நம் தெருவில் ஒரு வீடுகூடப் பட்டியலில் இல்லை.

"ஏன் நர்சம்மா?"

"நீங்க எல்லாரும் சொன்னதை வச்சுப் பாத்தா, இந்தத் தெருவுல யாருக்கும் யாரும் தேவையே இல்லண்ணே. அவ்வளவு நல்லா இருக்கீக. மதுரைக்காரவுக கேக்குறாக, அந்தக் கடற்கரைத் தண்ணியில அப்படி என்னதான் இருக்குன்னு."

உங்கள் மாமா கேட்டான். "அப்ப ஸ்கூட்டர்?"

"எந்த ஸ்கூட்டர்?" என்றார் நர்சம்மா.

அன்றைக்கு முடிவு செய்தேன். இதை நான்தான் கெடுத்தேன், நான்தான் சரி செய்ய வேண்டும். ஆய்வுக்காரர்களிடமே போய் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்று உங்கள் அம்மாவிடம் சொன்னேன். "போய்ச் சொன்னா மாத்திருவாகளா?" என்றாள். தெரியாது என்றேன். "அப்ப நானும் வாரேன்" என்றாள்.

மாமாவின் லோடு ஆட்டோவில் நாற்காலியைக் கயிறு போட்டுக் கட்டி ராமநாதபுரம் போனோம். ஆய்வுக்காரர்கள் இருந்த அலுவலகத்துக்கு மூன்று படி. சாய்தளம் இருந்தது, ஆனால் அதில் வரிசையாக மோட்டார் சைக்கிள்கள் நின்றன. மாமா ஒவ்வொன்றாக நகர்த்தினான். ஒரு பியூன் ஓடிவந்து, "யாருய்யா வண்டியைத் தொடுறது?" என்றார். "வண்டி போற வழியில வண்டிய விட்டா?" என்றான் மாமா. நாற்காலியைப் பார்த்ததும் அவரும் சேர்ந்து நகர்த்தினார்.

ஆய்வுக்குப் பொறுப்பான டாக்டரம்மா நடு வயதுக்காரர். நான் மனு எழுதிக் கொண்டுபோயிருந்தேன். அவர் வாங்கவில்லை.

"இது மனு வாங்குற இடம் இல்லங்க. ஒருத்தர் வந்து மாத்தச் சொன்னாருன்னு நான் பதிலை மாத்தினா, அப்புறம் இது ஆய்வே இல்ல."

"எனக்காக மாத்த வேணாம்மா. உங்க கையில இருக்குறது தப்புன்னு சொல்லத்தான் வந்தேன். நான் பொய் சொன்னேன். எங்க தெருவே சொல்லுச்சு."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். ஏன் என்று கேட்டார். ஸ்கூட்டர் கதையைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை, ஒரு தாளில் எழுதிக்கொண்டார். படகில் முடியலை என்று சொல்ல மாட்டோம் என்பதையும் சொன்னேன். அதையும் எழுதிக்கொண்டார். அப்புறம் என்னை விட்டுவிட்டு உங்கள் அம்மாவைப் பார்த்தார்.

"கையில என்னம்மா?"

"ஒண்ணுமில்ல, சுளுக்கு" என்றாள் உங்கள் அம்மா.

"பாத்தீங்களா?" என்றார் டாக்டரம்மா என்னிடம். உங்கள் அம்மாவுக்கும் அதே பழக்கம்தான்.

கடைசியில் அவர் சொன்னது இது. ஒரு தெரு முழுக்க ஒரு வதந்தியை நம்பிப் பதில் சொல்லியிருந்தால் அதை மேலே எழுதலாம். மேலிடத்தில் ஒத்துக்கொண்டால் வேறு ஒரு ஆள், பழைய பதிலைப் பார்க்காமல், தெரு முழுவதையும் மறுபடி கேட்பார். அதற்குப் பிறகும் யார் வீட்டுக்கு ஆள் வரும் என்று அவர் கையில் இல்லை. "ஆனா ஒண்ணு. குறைச்சும் சொல்லக் கூடாது, கூட்டியும் சொல்லக் கூடாது. இப்ப எல்லாரும் அந்தப் பக்கம் சாஞ்சிட்டா, ரெண்டாவது தடவையும் வீண்."

அவர் பயந்தது சரிதான். ஆட்டோ தேவிப்பட்டினம் தாண்டுவதற்குள்ளேயே மாமா ஆரம்பித்துவிட்டான். "அப்ப மச்சான், படுத்த படுக்கை, கண்ணும் தெரியலன்னு சொல்லிருவமா?"

"ஏலே, எனக்குக் கண்ணு நல்லாத்தானடா தெரியுது?"

"அது நமக்குத் தெரியும். அவுகளுக்குத் தெரியாதுல்ல."

உங்கள் அம்மா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அவன் கண்ணை ரோட்டுக்குத் திருப்பிக்கொண்டான்.

மறுபடி கேட்க வந்தால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள் என்று சொல்ல, மறுநாளிலிருந்து தெருவில் வீடு வீடாகப் போனேன். மணலில் சக்கரம் புதைந்தால் யாராவது தள்ளிவிடுவார்கள், தள்ளிவிட்டுக்கொண்டே திட்டுவார்கள். சர்க்கரை நோயில் ஒரு காலை எடுத்துவிட்ட அண்ணன் ஒருவர் இருக்கிறாரே, வாசலில் உட்கார்ந்து வலை தைப்பாரே, அவர்தான் ரொம்பப் பேசினார்.

"வாலே வா. ஸ்கூட்டரைக் கெடுத்த மகராசன் வாரான் பாருங்க."

"ஸ்கூட்டர் எங்கன இருக்குண்ணே? காட்டுங்க பாப்போம்."

"வந்திருக்கும்லே. நீ போயி கிண்டிவிட்டுட்ட."

"வராது. டாக்டரம்மாவே சொல்லிட்டாக."

அவர் வலையை மடியில் போட்டார். "சரி. பொய் சொன்னா ஸ்கூட்டர் வராது. உண்மையைச் சொன்னா ஆள் வருமா?"

"அதுவும் தெரியாதுண்ணே."

"அப்ப எதுக்குலே என் கௌரவத்தை எடுத்து அடுத்தவன் டேப்லெட்ல வைக்கணும்?"

அப்போது அவர் மகள் கொல்லைப் பக்கமிருந்து இரண்டு குடம் தண்ணீர் தூக்கி வந்தாள். காலேஜுக்குப் போக வேண்டிய பிள்ளை, அப்பனுக்குப் புண் கட்ட ஆள் இல்லை என்று நின்றுவிட்டவள்.

"என் வீட்டுல யாரும் என்னையப் பாக்கலன்னு சொல்லிட்டேண்ணே," என்றேன். "அப்ப என் பொண்டாட்டி பக்கத்துலதான் நிக்கிறா. அவ கையில ஒரு வருசமா வலி. நான் கௌரவத்தைக் காப்பாத்துனேன், அவளை இல்லாம ஆக்கிட்டேன். நீங்க என்னண்ணே சொன்னீக? உங்களுக்குக் கட்டுப் போடுறது யாருன்னு கேட்டதுக்கு?"

அவர் வலையை எடுத்துத் தைக்க ஆரம்பித்தார். நான் சக்கரத்தைத் திருப்பினேன். தெருமுனைக்கு வந்த பிறகு பின்னாலிருந்து சத்தம் வந்தது.

"ஏலே! அந்த ஆளு என்னைக்கு வாரான்?"

மேலிடத்தில் ஒத்துக்கொண்டு ஆள் வந்தது ஒரு சனிக்கிழமை. நீங்கள் இரண்டு பேரும் அன்றைக்கு டியூஷன் போயிருந்தீர்கள். இந்தத் தடவை வயதான ஆள், கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்து ஒவ்வொரு கேள்வியையும் மெதுவாக வாசித்தார். குளிப்பது எப்படி என்றார். ஒருவர் தூக்க வேண்டும், முதுகு தேய்க்க வேண்டும், தலைக்கு நானே ஊற்றிக்கொள்வேன் என்றேன். சாப்பாடு நானே. சவரம் நானே. புரண்டு படுக்க ஆள் வேண்டும். சொல்லச் சொல்ல, எனக்கு முடிகிறது என்பதும் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தது. முதல் தடவை எல்லாம் முடியும் என்று சொன்னதில், நிஜமாக முடிவதுகூட மறைந்து போயிருந்தது.

"பாத்துக்கிறது யாரு?"

"என் மனைவி" என்றேன்.

அவர் தட்டினார். திரையில் புதிதாக ஒரு பக்கம் திறந்தது. அவர் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு, "இனி கேள்வி உங்களுக்கு இல்ல, அவங்களுக்கு" என்றார்.

அந்தப் பகுதி அத்தனை நாளும் அங்கேதான் இருந்திருக்கிறது. நான் யாரும் இல்லை என்றதும் பூட்டிக்கொண்டது.

உங்கள் அம்மா முந்தானையால் கையைத் துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். என்னைவிட இரண்டு மடங்கு நேரம் பேசினாள். எத்தனை தடவை புரட்டுகிறாள், எத்தனை மணிக்கு எழுகிறாள், பை நிரம்பினால் எப்படித் தெரியும், புண் வரப்போகிறது என்பதைத் தோலின் நிறத்தை வைத்து எப்படிக் கண்டுபிடிப்பாள். எனக்கே தெரியாத விஷயங்கள். அவர் கேட்டார், "கடைசியா உங்களுக்குன்னு டாக்டர்கிட்டப் போனது எப்பம்மா?"

அவள் யோசித்தாள். விரல் விட்டு ஏதோ கணக்குப் பார்த்தாள்.

"சின்னவ பொறந்தப்ப."

அவர் அதைத் தட்டிவிட்டு அடுத்ததைக் கேட்டார். "உங்களுக்கு என்ன இருந்தா உதவியா இருக்கும்?"

"வாரத்துல மூணு நாள் காலையில யாராச்சும் வந்தாப் போதும். நான் நண்டுக்குப் போயிருவேன்." பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னாள். "இவுகளைப் பாக்க முடியலன்னு நான் சொல்லல. அப்படி எழுதிறாதீக. பாத்துக்கிட்டு, வேலைக்கும் போக முடியலன்னு எழுதுங்க."

அதையே சொல்லுக்குச் சொல் திருப்பி வாசித்துக் காட்டிவிட்டுத்தான் அவர் எழுந்தார்.

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். தெருவில் எல்லா வீடும் பட்டியலில் வரவில்லை. நம் வீடு வந்தது, வலை தைக்கிற அண்ணன் வீடு வந்தது. வராத வீடுகளுக்கும் அடுத்த வருடம் ஆள் அனுப்பி, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்களாம். அது எனக்கு முழுதாகப் புரியவில்லை. கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், விடப் போவதில்லை. தொண்டியிலிருந்து வருகிற அக்கா திங்கள், புதன், வெள்ளி வருகிறார். முதல் நாள் அம்மா நண்டுக் கம்பெனி வேனில் ஏறும்போது மூன்று தடவை திரும்பி வந்து அந்த அக்காவுக்கு எதையாவது சொல்லிவிட்டுப் போனாள். வேன் டிரைவர் ஹாரனை அமுக்கி அமுக்கி ஓய்ந்துவிட்டான். மணிக்கட்டுக்கு டாக்டரிடம் போனாள். பட்டை போட்டிருக்கிறார்கள், நண்டு உடைக்கும்போது கழற்றிவிடுகிறாள், அதற்காக நானும் அந்த அக்காவும் வாரம் மூன்று நாளும் அவளோடு சண்டை போடுகிறோம்.

போன வாரம் பெரியவள் கேட்டாள் அல்லவா, "அப்பா, அந்தக் கணக்கெடுப்புல எங்களைப் பத்தி என்ன சொன்னீக?" என்று. நான் பேச்சை மாற்றிவிட்டேன். ஏனென்றால் உங்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வீட்டில் வேறு யாராவது உதவுகிறார்களா என்று அந்தப் பெரியவர் கேட்டார். இல்லை, பிள்ளைகள் படிக்கிறார்கள் என்றேன். அம்மாவும் தலையாட்டினாள். அம்மா புரட்டும்போது என் தோளைப் பிடித்துக்கொள்வது பெரியவள். அதனால் எத்தனை நாள் முதல் பீரியடைத் தவற விட்டாள் என்று எனக்குத் தெரியும். பையைக் கொட்டிக் கழுவுவது சின்னவள், அதை வகுப்பில் யாரிடமும் சொல்லாமல் இருக்கிறாள் என்பதும் தெரியும். தெரிந்தும் விட்டுவிட்டேன். இரண்டாம் தடவையும்.

வருடம் முடியும்போது அவர்கள் மறுபடி வருவார்கள். ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வரச் சொல்லி நர்சம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். நீங்கள் இரண்டு பேரும் வீட்டில் இருக்க வேண்டும். நீங்கள் செய்கிறதை நான் முதலில் சொல்லிவிடுவேன். எதையாவது நான் விட்டால், சொல்லாதே என்று அம்மா கண்ணைக் காட்டினாலும் சரி, நீங்கள் எழுந்து சொல்லுங்கள்.